அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

கணக்கு டீச்சர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோட்டைத் திறந்தால் விடையைக் கடைசியில்தான் பார்ப்போம். கண் முதலில் போவது பக்கத்தின் ஓரத்துக்கு. அங்கேதான் பிள்ளைகள் பெருக்கிப் பார்த்திருப்பார்கள், கழித்திருப்பார்கள், தப்பென்று தெரிந்ததும் கோபத்தில் கோடு கிழித்திருப்பார்கள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் நைந்து போயிருக்கும். விடை எல்லாருக்கும் ஒன்றுதான், ஓரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இருபது வருடம் இதே வேலையாக இருந்ததில், அட்டையில் பெயர் பார்க்காமலே இது யார் நோட்டு என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன்.

போன வருடம் எட்டாம் வகுப்பு நோட்டுக் கட்டில் ஒரு நோட்டுக்கு ஓரமே இல்லை.

கணக்கு, எல்லாரும் ஒரு முறையாவது அவதிப்பட்ட பழைய கணக்கு. ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 3 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? (நிஜத்தில் யாரும் இப்படித் தொட்டி நிரப்புவதில்லை என்று எனக்கும் தெரியும்.) அந்த நோட்டில் ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று, கூட்டினால் இரண்டில் ஒன்று, ஆக 2 மணி நேரம் என்று படிப்படியாக, ஒரு கோடுகூடக் கோணாமல் இருந்தது. கீழே ஒரு வாக்கியம்: "ஆகவே, இரு குழாய்களும் ஒருங்கே செயல்படும்போது தொட்டி 2 மணி நேரத்தில் முழுமையாக நிரம்பும்."

ஒருங்கே! பதின்மூன்று வயதுப் பையன் எந்த ஜென்மத்தில் 'ஒருங்கே' என்று எழுதுவான்?

கூப்பிட்டேன். "ஆறில் ஒன்றுன்னு போட்டிருக்கியே, அது என்னப்பா?"

நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி நோட்டைப் பார்த்தான்.

"அது ஃபார்முலா, மிஸ்."

ஆறில் ஒன்று என்பது ஃபார்முலா இல்லை. முதல் குழாய் ஒரு மணி நேரத்தில் தொட்டியில் ஆறில் ஒரு பங்கை நிரப்பும், அவ்வளவுதான். அது தெரிந்துவிட்டால் மிச்சக் கணக்கு தானாக வரும். தெரியாவிட்டால் மிச்சம் எல்லாம் அலங்காரம்.

இந்தக் கணக்கில் வழக்கமாக மூன்று தப்பு வரும். ஆறையும் மூன்றையும் கூட்டி 9 என்று எழுதுவது முதல் வகை. இரண்டு எண்ணைப் பார்த்தால் கூட்டிவிடுகிற கை. இரண்டாவது வகை நாலரை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதானே இருக்க வேண்டும் என்ற நியாயமான, ஆனால் தப்பான யோசனை. மூன்றாவது வகை அரை மணி நேரம். இவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்து கடைசிப் படியில் சறுக்கியவர்கள். கையில் இருக்கும் அரை தொட்டியின் அரையா, மணியின் அரையா என்பதை மறந்துவிட்டார்கள். மூன்று தப்புக்கும் மூன்று வைத்தியம். மூன்றுக்கும் சேர்த்துச் சரியான விடையை போர்டில் எழுதிப் போட்டால் யாருக்கும் குணமாகாது.

நாலரை போட்ட பிள்ளையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். "வேகமான குழாய் தனியாவே மூணு மணி நேரத்துல நிரப்பிடுது. கூட ஒரு ஆள் உதவிக்கு வந்ததும் நாலரை மணி ஆயிடுமா?" ஒரு நொடி பேச்சிருக்காது. அப்புறம் முகம் மாறும். சிலர் சிரிப்பார்கள், சிலர் 'ச்சே' என்று நெற்றியில் தட்டிக்கொள்வார்கள். அந்த நொடியை நான் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. முதலில் நாலரை என்று எழுதியவர்களுக்கு மட்டும்தான் அது வரும்.

அந்தப் பையனுக்கு, கேள்வியைத் தட்டினால் பதில் எழுதிக் கொடுக்கும் சாட்ஜிபிடி மாதிரி ஓர் இயந்திரம் 2 என்ற விடையைக் கொடுத்தது. அவனுக்கு வந்திருக்க வேண்டிய நாலரையை எடுத்துக்கொண்டுவிட்டது. செயற்கை நுண்ணறிவும் பள்ளிக்கூடமும் என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு இந்த நாலரைதான் ஞாபகம் வருகிறது.

*

நான் அவனைத் திட்டவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அதற்கு முந்தின வருடம் வாங்கின அடி.

அப்போது ஒரு கட்டுரைப் போட்டிக்கு வந்த தாள்களைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. ஆங்கிலக் கட்டுரை. ஒரு பெண் எழுதியது அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்ததாகத் தோன்றியது. இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளில் போட்டேன். சிவப்புக் கட்டம் வந்தது. அதை நம்பி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மற்ற டீச்சர்கள் காதில் விழும்படியே கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு ரஃப் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதே கட்டுரை மூன்று தடவை எழுதியிருந்தது. முதல் வரியை மட்டும் ஏழு விதமாக எழுதி ஏழையும் அடித்திருந்தாள். நோட்டின் ஓரத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிறவள், ஓரத்தைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் "பரவாயில்லை மிஸ்" என்றாள். பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை.

இந்தக் கருவிகள் எப்படி ஏமாறுகின்றன என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஒரு வாக்கியத்தில் அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது என்பதை அவற்றில் பல அளந்து பார்க்கின்றன. எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்று அர்த்தமாம். ஒரு மொழியைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு எழுதுகிறவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? தெரிந்த சொற்களைத் தெரிந்த வரிசையில்தானே வைப்பார்கள்? 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் முத்திரை குத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய இல்லை. சாட்ஜிபிடியை உண்டாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. செய்தவர்களாலேயே அடையாளம் சொல்ல முடியாததை நான் ஒரு சிவப்புக் கட்டத்தை வைத்துச் சொல்லியிருந்தேன்.

அதனால் திருடன்-போலீஸ் விளையாட்டை விட்டுவிட்டேன். தடை போட்டவர்களும் நிற்க முடியவில்லை. சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30-ம் தேதி. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகள் 2023 ஜனவரியில் அதைத் தங்கள் வலையமைப்பில் முடக்கின, மே மாதம் தடையை விலக்கின. பள்ளியில் முடக்கினால் வீட்டில் கைப்பேசி இருக்கிறது, அவ்வளவுதான் கதை.

*

பள்ளிக்கூடத்தைப் புரட்டிப்போடப் போகிறது என்று சொல்லி வந்த இயந்திரங்களின் வரிசை நீளமானது. புத்தகங்கள் சீக்கிரமே வழக்கொழிந்துவிடும், படக்கருவியே எல்லாம் சொல்லிக்கொடுக்கும் என்ற தொனியில் எடிசன் 1913-ல் பேசினார். 1920-களில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர் பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அமுக்குகிற ஒரு கருவியைச் செய்தார். 2012-ல் இணையவழிப் பாடங்கள் பல்கலைக்கழகங்களையே காலி செய்துவிடும் என்றார்கள். லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் மிகச் சிலர். இதையெல்லாம் பார்த்துவிட்டு 'இதுவும் அப்படித்தான் போகும்' என்று சொல்கிற சக ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. பழைய கருவிகள் எல்லாம் பாடத்தைக் கொண்டுவந்தன. இவற்றில் வீட்டுப்பாடத்தையே செய்து கொடுக்கும் கருவி இதுதான் முதல்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் பி. எஃப். ஸ்கின்னர். புறாக்களையும் எலிகளையும் வைத்துச் சோதனை செய்த அந்த உளவியலாளர்தான். 1953-ல் மகள் படித்த நாலாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடப்பதைப் பார்க்கப் போயிருந்தார். அவர் கண்ணில் இரண்டு குறை பட்டது. எழுதிய விடை சரியா தப்பா என்று பிள்ளைக்கு உடனே தெரிவதில்லை, நோட்டு திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம், வேகமான பிள்ளையும் மெதுவான பிள்ளையும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும். எழுபது வருடம் கழித்து என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாலும் அவர் இதையேதான் குறித்துக்கொண்டு போவார்.

அதற்கு மருந்தாக அடுத்த வருடமே ஒரு கற்பிக்கும் இயந்திரத்தைக் காட்டினார். பின்னால் செய்த பெட்டிகளில் ஒரு சின்னச் சன்னலில் கேள்வி தெரியும், பிள்ளை விடையைத் தன் கையால் எழுத வேண்டும், அதன் பிறகு நெம்புகோலை நகர்த்தினால் சரியான விடை வெளியே வரும். பிரெஸ்ஸியின் கருவி மாதிரி நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை ஸ்கின்னர் ஏற்கவில்லை. விடையைப் பிள்ளைதான் உண்டாக்க வேண்டும், கண்ணால் பார்த்து இதுதான் என்று அடையாளம் காட்டுவது போதாது என்று பிடிவாதமாக இருந்தார். மனிதரை இயந்திரமாக நினைத்தவர் என்று அவரை எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள், சில திட்டு நியாயமும்கூட. ஆனால் அந்தப் பெட்டியில் கேள்வி கேட்டது இயந்திரம், எழுதியது குழந்தை. இன்றைக்குக் கேள்வி கேட்பது குழந்தை, எழுதுவது இயந்திரம். ஒரே மேசை, நாற்காலி மட்டும் இடம் மாறிவிட்டது.

*

இதை மறுபடி திருப்பிப் போட முடியுமா? முடியும் என்றுதான் தெரிகிறது, செலவு இருக்கிறது.

ஆளுக்கு ஓர் ஆசிரியர் என்பது பழைய கனவு. 1984-ல் பெஞ்சமின் புளூம் என்ற கல்வி உளவியலாளர், தனி ஆசிரியரிடம் படித்த மாணவரில் சராசரியானவர்கூட வழக்கமான வகுப்பில் படித்த 98 சதவீதம் பேரைவிட மேலே நின்றார் என்று எழுதினார். செயற்கை நுண்ணறிவு விற்கிறவர்கள் எல்லாரும் இந்த 98-ஐத் தவறாமல் காட்டுவார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2011-ல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் செய்த தொகுப்பாய்வு. கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு சொல்கிற கணினிப் பாடங்களின் பலன் சுமார்தான். ஒவ்வொரு படியையும் பார்த்து, சறுக்கிய இடத்திலேயே நிறுத்திக் குறிப்புக் கொடுக்கிற கணினிப் பாடங்களோ மனித ஆசிரியருக்குக் கிட்டத்தட்ட சமமாக நின்றன. அதாவது, ஓரத்தைப் பார்க்கிற இயந்திரம் நல்ல இயந்திரம். நான் என் தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அங்கே எண்களாக இருந்தது.

சாட்ஜிபிடி மாதிரியான சாட் கருவிகளை வைத்து துருக்கியில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வகுப்புகளில், ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை, புத்தகமும் நோட்டும்தான். இரண்டாவது பிரிவுக்குச் சாதாரண ஜிபிடி-4. மூன்றாவது பிரிவுக்கு அதே ஜிபிடி-4, ஆனால் விடையை நேரடியாகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி கட்டிப்போடப்பட்டது. பயிற்சியின்போது இரண்டாவது பிரிவு 48 சதவீதமும் மூன்றாவது பிரிவு 127 சதவீதமும் கூடுதலாக எடுத்தன. அப்புறம் கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். சாதாரண ஜிபிடி வைத்திருந்தவர்கள், கருவியையே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் சரியவில்லை. பெரிதாக ஏறவும் இல்லை.

இதில் இரண்டு சங்கதி என்னை உறுத்துகிறது. ஒன்று, கீழே போனவர்களுக்குத் தாங்கள் கீழே போனது தெரியவில்லை, நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். இன்னொன்று, அந்த மூன்றாவது கருவியைத் தயாரிக்க ஒவ்வொரு கணக்குக்கும் மாணவர்கள் வழக்கமாக எங்கே தப்பு செய்வார்கள், அதற்கு எப்படிக் குறிப்புக் கொடுப்பது என்று ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கி உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். 9, நாலரை, அரை மாதிரி சமாச்சாரங்களைத்தான். அந்தத் தப்புகளின் பட்டியல் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருத்தி ராத்திரி உட்கார்ந்து கட்டுக்கட்டாக நோட்டுத் திருத்தியதிலிருந்து வந்தது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் எல்லாரும் 'ஒருங்கே' என்று எழுத ஆரம்பித்துவிட்டால் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கப் போவது யார்?

நல்ல பக்கமும் உண்டு, மறைப்பானேன். நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் 2024-ல் பள்ளி முடிந்த பிறகு ஆறு வாரம் ஆங்கிலப் பயிற்சி நடத்தினார்கள். மாணவர்கள் இருவர் இருவராகக் கணினி முன் உட்கார்ந்து சாட் கருவியோடு படித்தார்கள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தது என்று உலக வங்கியின் ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்த அறையில் ஓர் ஆசிரியர் இருந்தார். எந்தக் கேள்வியில் தொடங்குவது, எப்போது திரையை விட்டுத் தலையைத் தூக்குவது என்பதை அவர்தான் சொன்னார். செய்தியாகச் சுருங்கும்போது அந்த ஆசிரியர் மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறார்.

புரிந்துவிட்டது என்ற உணர்வை நம்ப முடியாது என்பது செயற்கை நுண்ணறிவுக்கு முன்பே தெரிந்த விஷயம். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் செய்த சோதனை இருக்கிறது. ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். கஷ்டப்பட்டு நினைவிலிருந்து இழுத்ததுதான் தங்கியது. சாட் கருவியின் விளக்கம் வழவழவென்று இருக்கும். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் மேதைகள்.

*

நானும் யோக்கியம் இல்லை. வினாத்தாள் தயாரிக்க, ஒரே கணக்கை மூன்று கடினத்தில் எழுத, இந்தக் கருவிகளைத் தினமும் பயன்படுத்துகிறேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போகும், இப்போது அரை மணி. விடைக் குறிப்பை மட்டும் நானே போட்டுப் பார்த்துவிடுவேன். அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து ஊகித்து எழுதுவதுதான் அதன் அடிப்படை வேலை. அதனால் தப்பைச் சொல்லும்போதும் குரலில் ஒரு நடுக்கம் இருக்காது. பிள்ளைகளுக்கு அதுதான் ஆபத்து. எனக்குத் தெரியாததைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும்; பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை பருவ அறிக்கையில் எழுத வேண்டிய குறிப்புகளையும் அதனிடம் விட்டேன். நாற்பது பிள்ளை, ராத்திரி பத்து மணி, தூக்கம். மறுவாரம் இரண்டு பெண்கள் அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேருமே 'ஆர்வமும் தனித்துவமும் மிக்க மாணவி'. "ரெண்டு பேருக்கும் ஒரே தனித்துவமா, மிஸ்?" என்று கேட்டார்கள். அந்தப் பையனின் 'ஒருங்கே'யைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன தகுதி?

வகுப்பில் சிலதை மாற்றியிருக்கிறேன். வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. எழுதுவதெல்லாம் வகுப்பில், என் கண் முன்னால். ரஃப் நோட்டுக்கு மதிப்பெண் உண்டு, அடித்த வரிக்கும் சேர்த்து. (முதல் வாரத்தில் ஒருவன் வேண்டுமென்றே நாலு தப்புப் போட்டு அடித்துக் கொண்டுவந்தான். சிரித்துவிட்டு அதற்கும் போட்டேன். தப்பை யோசித்துத்தானே போட்டிருக்கிறான்.) அப்புறம், வாரம் சில பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்மொழியாகக் கேட்கிறேன்.

வாய்மொழித் தேர்வு புதிதில்லை, எழுத்துத் தேர்வுதான் பின்னால் வந்தது. பாஸ்டன் பள்ளிகளில் 1845-ல் கல்விச் சீர்திருத்தக்காரர் ஹோரஸ் மான் தரப்பினர் அச்சடித்த வினாத்தாளை நுழைத்தபோது எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், பாரபட்சம் இல்லை என்பதுதான் அதன் நியாயம். நல்ல நியாயம்தான். வாய்மொழியில் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பது பிள்ளைக்கு 200 நிமிடம். மூன்று மணி இருபது நிமிடத்தை எந்த நேர அட்டவணையில் தேடுவது? இயந்திரம் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை இங்கே செலவு பண்ண முடிந்தால் கணக்கு நேராகும். நிர்வாகங்கள் அந்த மிச்சத்தைப் பார்த்தால் அறுபது பிள்ளையை உட்காரவைக்கத்தான் யோசிக்கும் என்பது என் பயம். பள்ளிக்கூடத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போவது இயந்திரத்தின் புத்திசாலித்தனத்தைவிட இந்த ஒரு கணக்குதான் என்று நினைக்கிறேன்.

என்னை மடக்குகிற வாதம் ஒன்று உண்டு. ஆசிரியரே இல்லாத பிள்ளைக்கு என்ன சொல்வாய்? 2030-க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அவ்வளவு பேர் வரப்போவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்து, கேட்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு, நூறாவது தடவையும் எரிச்சல் படாமல் சொல்லித்தரும் ஒரு குரல் பெரிய விஷயம். நான் மூன்றாவது தடவையிலேயே எரிச்சல் படுவேன். அந்தப் பிள்ளையிடம் போய் நாலரையின் அருமையைப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் இல்லாதவர்களுக்குத் திரை, இருக்கிறவர்களுக்கு ஆசிரியர் என்று பிரிந்துவிட்டால், திரையே போதும் என்று தீர்ப்பு எழுதுகிறவர்களின் பிள்ளைகள் ஆசிரியரிடம்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். 2020-ல் பள்ளிகள் மூடியபோது உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். திரை இருந்த வீடுகளில்கூட, இணைப்பில் இருந்தும் வகுப்பில் இல்லாத எத்தனை பேரைப் பார்த்தோம்?

*

வருடக் கடைசியில் ஒரு காரியம் செய்து பார்த்தேன். மாணவன் ஆசிரியராகி ஒரு கணினிப் பாத்திரத்துக்குச் சொல்லித்தருவது என்ற யோசனை பழையது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இதை வைத்து மென்பொருளே செய்திருக்கிறார்கள். தனக்காகப் படிப்பதைவிட, தான் சொல்லித்தர வேண்டிய ஒன்றுக்காகப் பிள்ளைகள் அதிகம் மெனக்கெடுவார்கள் என்பது அதன் அடிப்படை. நான் சாதாரண சாட் கருவியையே எடுத்துக்கொண்டு, "நீ ஒரு எட்டாம் வகுப்பு மாணவன். இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் விடை இருக்கும் என்று நம்புகிறாய். சீக்கிரம் ஒத்துக்கொள்ளாதே" என்று எழுதிவிட்டு, அந்தக் குழாய்க் கணக்கைக் கொடுத்துப் பெரிய திரையில் போட்டேன்.

அது நாலரை என்று சொன்னது. வகுப்பே கத்தியது.

கத்தினால் போதாது, புரியவை என்றேன். ஒரு பெண் எழுந்து ஃபார்முலா சொன்னாள். அது "ஏன் கூட்ட வேண்டும்?" என்று கேட்டது. இன்னொருவன் பின்னத்தை விளக்கினான். "எனக்கு இன்னும் நாலரைதான் சரியாகத் தோன்றுகிறது" என்றது. பத்து நிமிடம் இப்படியே இழுத்தது. கடைசி பெஞ்சிலிருந்து நம்ம 'ஒருங்கே' எழுந்தான்.

"டேய், ஒரு குழாயே மூணு மணி நேரத்துல முடிச்சிடுது. இன்னொண்ணு கூட வந்தா எப்படிடா நேரம் ஜாஸ்தியாகும்?"

நான் தட்டச்சு செய்தேன், 'டேய்'யை விட்டுவிட்டு. திரையில் "ஓ! அப்படியானால் விடை 3-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும்" என்று வந்தது. வகுப்பு மேசையைத் தட்டியது. அவன் உட்காரவே இல்லை, ஜெயித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

வகுப்பு கலைந்த பிறகு என் மேசைக்கு வந்தான்.

"மிஸ், அதுக்கு நிஜமாவே தெரியாதா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியும்ப்பா. தெரியாத மாதிரி இருன்னு நான்தான் சொல்லியிருந்தேன்."

முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"அப்போ நீங்களும் அப்படித்தானே? தெரிஞ்சுக்கிட்டேதானே எங்களைக் கேக்கறீங்க?"

"பாதி நேரம் ஆமா," என்றேன். "நீ ஏன் நாலரை போட்டேன்னு கேக்கறது மட்டும் நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறேன்."

"நான் நாலரை போடலையே, மிஸ்."

"தெரியும். அதான் உன்கிட்ட கேக்க முடியலை."